மாடியில் காய்ந்த சட்டைகள்

எங்கள் அக்கா துவைத்தால் சட்டைக் காலரில் அழுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளை நான் வேலைக்காரி மாதிரி வைத்திருந்தேன் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். துவைப்பது அக்காவுக்குப் பிடித்த வேலை. நான் கொடுத்ததும் கனமான துணி இல்லை, வெறும் சட்டைகள்தான்.

என் தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய கார்களுக்கு நம் மாநிலத்தில் கேட்கிற வரியைச் சொன்னாலே தலை சுற்றும். எல்லைக்கு அந்தப் பக்கம் அதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் அங்கே பதிவு செய்ய வேண்டுமென்றால் அங்கே குடியிருக்க வேண்டும். கார் வாங்குகிறவர்களுக்கு அங்கே போய்க் குடியிருக்க நேரமேது? அவர்கள் குடியிருப்பதற்கு ஒரு வீடு காட்டுவது என் வேலை. நான் யார் வீட்டிலும் கன்னம் வைக்கவில்லை. அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த வீடு அக்காவுடையது. எல்லையைத் தாண்டியதும் வருகிற சின்ன ஊர். கீழே ஒரு கூடமும் சமையலறையும், மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மாமா இறந்த பிறகு அவள் தனியாக இருந்தாள், பிள்ளைகள் இல்லை. என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் காகிதத்தில் அந்த மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தார்கள். நகைக்கடைக்காரர், எலும்பு டாக்டர், ஓட்டல் முதலாளி, இன்னும் பலர். ஒருவர் மேல் ஒருவர் படுத்தாலும் இடம் போதாது. அக்கா அதைச் சொல்லியே சிரிப்பாள்.

"ஏன்டா, மாடியில இத்தன கோடீஸ்வரனக் குடி வெச்சிருக்க. ஒருத்தனாவது ஒரு பல்பு மாத்திப் போட்டானா?"

முகவரியைச் சரிபார்க்க வருகிற அதிகாரி காகிதத்தை ரொம்ப நேரம் பார்க்க மாட்டார். அண்ணாந்து மாடியில் துணி காய்கிற கொடியைப் பார்ப்பார். ஆண்கள் குடியிருக்கிற மாடியில் ஆண்கள் சட்டை காய வேண்டும். ஆரம்பத்தில் நான் நாலைந்து பழைய சட்டைகளைத் தொங்கவிட்டு வந்தேன். வெயிலில் தோள்பட்டை மட்டும் வெளுத்துப்போய், அவை எத்தனை நாளாகத் தொங்குகின்றன என்று காட்டிக்கொடுத்துவிட்டன. ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார், அவரைச் சமாளிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அதன் பிறகுதான் பல அளவுகளில் நிறையச் சட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். அக்கா தினமும் காலையில் சிலதைத் துவைத்து, மாடிக்குத் தூக்கிப்போய், மாற்றி மாற்றிக் காயப்போடுவாள். ஒருவரும் போடாத சட்டை அழுக்காவதில்லை. ஆனாலும் அவள் சோப்பு போட்டுத்தான் துவைப்பாள். "டாக்டர் சட்டையில காப்பியக் கொட்டிக்கிட்டாருடா, போகவே மாட்டேங்குது" என்று போனில் சொல்வாள். அவளுக்கு அது ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நானேதான் இங்கே நகரத்துக்கு அழைத்து வந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்யும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மாடிப்படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"உன் வீட்லயே ஒரு ஓரமா இருந்துக்கிறேன்டா. உன் பொண்டாட்டிக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் இந்தப் பக்கம் வெளி மாநில எண் போட்ட கார்களைப் பிடித்துக் கட்டி இழுக்க ஆரம்பித்திருந்தீர்கள். அந்தப் பக்கமும் வீடு வீடாக மறுபடி சரிபார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் போன் செய்து செய்து என் தூக்கமே போயிற்று. "என் வண்டி போச்சுன்னா உன்னச் சும்மா விடுவேன்னு நெனைக்காத" என்றார் நகைக்கடைக்காரர். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர். என் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த வீட்டில் கதவைத் திறக்க ஆள் இல்லாவிட்டால் நான் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். எனக்கும் பயமாக இருந்தது.

"இந்த ஒரு தடவ மட்டும் ஊருக்குப் போய் இருந்து முடிச்சுக்கலாம்க்கா. அப்புறம் உன்னக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

"சரி தம்பி. நீ சொன்னா சரி."

இதையே அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் சரி என்றுதான் சொன்னாள். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு அதிகாரி காரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் நகைக்கடைக்காரரின் காரை நானே ஓட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். தரையோடு தரையாக ஊர்கிற வண்டி, பின்சீட்டு என்று பேருக்கு ஒன்று. நெடுஞ்சாலையில் உங்கள் சோதனைச் சாவடி இருக்கிறது. கல்குவாரி வழியாக ஒரு மண்பாதை சுற்றிக்கொண்டு போகிறது. எங்களைப் போன்ற ஏஜென்டுகள் எல்லோருக்கும் அந்தப் பாதை தெரியும். நான் அதில்தான் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது அக்கா துவைக்கிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் வாளி நிறைய ஈரச் சட்டைகள். "மாடி ஏற முடியலடா" என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சட்டைகளைக் காயப்போட்டேன். கீழே வந்து அவளைத் தூக்கிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்தேன். முகத்தைத் துடைத்து, தலை வாரிவிட்டேன். தையல்காரம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "எங்க வேன் சும்மாதான் நிக்குது, மெயின் ரோட்டுல போனா சீக்கிரம் போயிடலாம், ஏத்துங்க" என்றார். ஆபீசர் வந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

அதிகாரி தாமதமாக வந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் அக்காவே பதில் சொன்னாள். "ஆமா சார்... மாடியிலதான் இருக்காங்க... நல்ல மனுஷங்க... வேலைக்குப் போயிருக்காங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்தாள். அதிகாரிக்கே பாவமாகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு நன்றாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

வேன் இருந்ததே, ஏன் அதில் ஏற்றவில்லை என்று கேட்கிறீர்கள். கார் அங்கேயே நின்றுவிட்டால் அதை எடுக்க நான் மறுபடி ஒரு நடை போக வேண்டும். நகைக்கடைக்காரருக்கு மாலையில் கார் தேவைப்பட்டது. ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அக்காவை மடக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தேன்.

நெடுஞ்சாலையில் ஏன் போகவில்லை, மூச்சுக்குத் திணறுகிற பெண்ணை ஏற்றிக்கொண்டு வருகிற காரை நாங்கள் நிறுத்தவா போகிறோம் என்கிறீர்கள். நிறுத்த மாட்டீர்கள், அது எனக்கும் தெரியும். வழிவிட்டு, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் வந்து காரை எடுத்துக்கொண்டு போவீர்கள். அதனால் மண்பாதையில் போனேன்.

அந்தப் பாதையில் மெதுவாகத்தான் போக முடியும். "ஏன்டா தம்பி இவ்வளவு மெதுவாப் போற?" என்று அக்கா கேட்டாள்.

"குலுங்குனா உனக்கு வலிக்கும்க்கா. அதான்."

"வலிச்சாப் பரவால்லடா. வேகமாப் போ." கொஞ்ச நேரம் கழித்து, "எறக்கி விட்டுடுறியா? ரோட்டுக்குப் போய் யார் வண்டியிலயாவது ஏறிக்கிறேன்" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கும் அழுகை வந்தது. பேசாம படுத்துக்கோக்கா, வந்துடுச்சு என்றேன். அவள் குலுங்கக் கூடாது என்று ஒவ்வொரு பள்ளத்திலும் ஊர்ந்து ஊர்ந்துதான் இறக்கினேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். உடன்பிறந்தவளை யாரும் அதைவிடப் பூப்போல ஓட்டிப் போயிருக்க முடியாது.

நகரத்துக்குள் வந்ததும் முதலில் நகைக்கடைக்காரரின் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் என் பழைய கார் நின்றது, அக்காவை அதற்கு மாற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் வெளியே வந்து, குனிந்து வண்டியின் அடிப்பக்கம் முழுவதையும் பார்த்தார். குவாரிப் பாதையில் வந்தும் ஒரு கல் கூடப் படவில்லையே என்று என் முதுகில் தட்டினார். பிறகு கறுப்புக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"யாரது?"

"எங்க அக்கா முதலாளி. தூங்குறாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, இப்போதுதான் வரும் வழியில் பேச்சு நின்றது என்று சொன்னேன். இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு மூச்சு நின்றது குவாரி வருவதற்கு முன்பே. என் சீட்டின் முதுகைப் பிடித்திருந்த கை நழுவி விழுந்தது, நான் திரும்பி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். பாதையின் மோசமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. அங்கேயும் நான் ஒவ்வொரு பள்ளத்திலும் ஊர்ந்து ஊர்ந்துதான் இறக்கினேன்.