தூங்கிப்போகும் கணினி

கணினி வேலை செய்யவில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி, கணினியின் தவறே இல்லை. வயர் கழன்றிருக்கும். வீட்டிலிருந்து ரிமோட்டில் அலுவலகக் கணினியைத் திறப்பவர்கள் என்றால், வீட்டு வைஃபையே அணைந்து கிடக்கும். திட்டு மட்டும் எனக்கு. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி, இங்கே எனக்குப் பெயரே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. சரியானதும் பட்டென்று போனை வைத்துவிடுவார்கள். அலுத்துப்போய்விட்டது, சார். விசாரிக்க வந்த உங்களுக்கு இது தேவையில்லாத கதையாகத் தோன்றலாம். ஆனால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்குப் பிரிவில் இருக்கும் அந்தம்மா மட்டும் உடனே வைக்க மாட்டார். "ரொம்ப தேங்க்ஸ்ணா. சாப்டீங்களா?" என்பார். இந்தக் கட்டடத்தில் என்னை அண்ணா என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். அவருடைய கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டவர். ஒரு கை மட்டும் கொஞ்சம் அசையும். தொண்டையில் சளி அடைத்தால் யாராவது குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் மூச்சு முட்டிவிடும். அதனால்தான் அந்தம்மாவுக்கு வீட்டிலிருந்தே வேலை.

அவருடைய கணினி மட்டும் ஏன் அடிக்கடி தூங்கிப்போனது என்று கேட்டீர்கள். ரிமோட்டில் வேலை செய்பவர்களின் கணினி தூங்கவே கூடாது என்று அமைத்து வைப்பது வழக்கம். அவருடையதை மட்டும் சீக்கிரம் தூங்கும்படி நான் மாற்றி வைத்தேன். அவர் எழுந்துபோய்க் கணவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருவதற்குள் அது தூங்கிவிடும். வீட்டிலிருந்து அதை எழுப்ப முடியாது. இங்கே யாராவது போய் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும்.

"மறுபடியும் தூங்கிடுச்சுண்ணா. உங்கள ரொம்பப் படுத்தறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

தட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்வதற்கு முன்பு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு எல்லாருக்கும் லேப்டாப் கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். இனி ரிமோட்டே வேண்டாம் என்றார்கள். அந்தம்மாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தப்பாக நினைக்காதீர்கள், கூடப் பிறந்தவளைப் பார்க்க ஆசைப்படுவது போலத்தான். கணினிக்குள் நுழையும் அவருடைய கணக்கைப் பூட்டிவிட்டு, நேரில் வந்தால்தான் திறக்க முடியும் என்றேன்.

"அவர விட்டுட்டு எப்படிண்ணா வர்றது?"

"அஞ்சு நிமிஷ வேலைம்மா."

"சரி, அவர் கைகிட்ட போன வச்சுட்டு வரேன். முடியலன்னா பட்டன அமுக்கி என்னக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுல சாவி இருக்கு, நான் ஒரு வார்த்தை சொன்னா ஓடிடுவாங்க."

மூச்சிரைக்க வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். புதுக் கடவுச்சொல் போட அவருடைய போனுக்கு ஒரு எண் வரும், அதனால் போனை என்னிடம் கொடுங்கள் என்றேன். அது பொய்யில்லை, எண் வரத்தான் செய்யும். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். எதிரே உட்கார வைத்து டீ கொடுத்தேன். "இப்படி ஒக்காந்து டீ குடிச்சு எத்தன நாளாச்சுண்ணா" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடியதைச் சொல்ல ஆரம்பித்தார்.

என் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. திரையில் 'வீட்டுக்காரர்' என்று வந்தது. கதை பாதியில் நிற்குமே என்று துண்டித்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் துண்டித்தேன். மூன்றாவது முறை வரவில்லை. பெரும்பாலான கோளாறுகள், கொஞ்சம் பொறுத்தால் தாமாகவே சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

கதை முடிந்ததும் அந்த இரண்டு அழைப்புகளையும் போனிலிருந்து அழித்தேன். பிறகு கணக்கைத் திறந்துவிட்டேன். "ஆயிடுச்சும்மா, கிளம்புங்க."

சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவர் கூப்பிடவே இல்லண்ணா. தூக்கத்துலயே போயிருக்கார்." கணவரின் போன் லாக்கைத் திறக்கத் தெரியாமல், உள்ளே இருக்கும் படங்களை எடுத்துத் தரும்படி பிற்பாடு என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். படங்களை எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்த அழைப்புகளையும் அழித்தேன். தூக்கத்திலேயே போனார் என்ற நிம்மதியாவது அவருக்கு மிஞ்சட்டுமே.

எழுதிக்கொள்ளுங்கள், சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இப்போது அவர் தினமும் அலுவலகத்துக்கே வருகிறார். கணினி ஒருநாளும் தூங்குவதில்லை. முடிந்துவிட்டது என்றால் நான் எழுந்துகொள்ளலாமா? டீ நேரம், கீழே காத்துக்கொண்டிருப்பார். என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?