பாதியில் எழுந்துபோன ஃபாதர்

விவேக் நகரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை.

“நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டிருந்தப்ப, யாரோ கூப்பிட்டாங்கன்னு ஃபாதர் பாதியிலயே எழுந்து போயிட்டார் கவிதா. சொன்ன பாதிக்கு மன்னிப்பு உண்டா?”

“டேட்டா முழுசா சேவ் ஆகி கமிட் ஆகறதுக்குள்ள கனெக்‌ஷன் போனா எல்லாம் ரோல்பேக்தான், ஸ்டெல்லா. நீ ஒண்ணுமே சொல்லாத மாதிரி.”

“அப்புறம் வேற ஃபாதர் வந்தார். விட்ட இடத்துலேர்ந்து சொல்லி முடிச்சிட்டேன்.”

“ஐயோ, நம்ம சாஃப்ட்வேரும் இதைத்தானே பண்ணுச்சு! நடுவுல லைன் கட்டாகி, திரும்ப கனெக்ட் ஆனதும், முதல்லேர்ந்து ஆரம்பிக்காம மீதியை மட்டும் எழுதி வச்சுது. கஸ்டமர் ஆர்டர்ல பாதி காணோம். மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுத்துட்டார்.”

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அது இருக்கட்டும். அந்த முதல் பாதியில என்ன பாவம் சொன்னே?”

என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.

“அந்த சாஃப்ட்வேரை எழுதினது நான்தான்டி. மேனேஜர்கிட்ட உன் பேரைச் சொல்லிட்டேன்.”

கவிதா எழுந்து நின்றாள்.

“இறங்கு.”

“எங்கடி?”

“கோயிலுக்கு. முதல்லேர்ந்து சொல்லு. இந்தத் தடவை ஃபாதர் எழுந்தார்னா நானே பிடிச்சு உட்கார வைக்கிறேன்.”