குழுத் தலைவி வராத நாள்

பிரசாந்திக்கு பஸ்ஸில் போனால் தலை சுற்றும். அதனால்தான் அன்று விடியவே போய் அவளுக்கு முன்பக்கத்தில் யன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன். கையில் முகர்ந்துகொள்ள ஒரு தேசிக்காயும் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் அவளுக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை.

அவள் என் தம்பி சிவகரனின் மனைவி. இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்காலில் சனத்துக்குள் அவனைத் தவறவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காணாமல் போனோர் போராட்டங்களுக்கு அவளைக் கூட்டிப் போனதும், தம்பியின் படத்தைப் பெருப்பித்துக் கொடுத்ததும் நான்தான். எங்கள் கட்சி மேடைகளில் அவள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பாள். பேச மாட்டாள். பேசத் தேவையும் இருக்கவில்லை. சென்ற மாநகரசபைத் தேர்தலில் வட்டாரத்தை நான் வென்றேன்.

இந்த முறை அவளே வீட்டுக்கு வந்தாள்.

"அத்தான், நாங்கள் பொம்பிளையள் ஒரு சுயேச்சைக் குழு போடுறம். நான்தான் தலைவி. உங்கடை வட்டாரத்திலைதான் நிக்கிறன்."

"நான் என்ன குறை விட்டனான் பிள்ளை?"

"பதினாறு வருசமா என்னைப் படத்தோடை இருத்தி வைச்சிட்டியள். மழை பெய்தா எங்கடை ஒழுங்கையிலை இன்னும் முழங்காலளவு வெள்ளம். இனி நான் கதைக்கப் போறன்."

எனக்குக் கோபம் வரவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். ஆனால் அவள் வென்றுவிடுவாள் என்று தெரிந்தது. நான் போன வீடுகளில் எல்லாம் அவளைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

குழுத் தலைவி என்பதால் சட்டப்படி அவர்களுடைய வேட்புமனுவை அவள்தான் கையளிக்க வேண்டும். கடைசி நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு முன். அதற்கு முதல் நாள் பின்னேரம் அவளிடம் போனேன். தெற்கே மாத்தறைப் பக்கம் ஆதரவற்றோர் விடுதி ஒன்றில் பெயர் சொல்லத் தெரியாத தமிழர் ஒருவர் இருக்கிறாராம், இடது புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பாம் என்றேன். சிவகரனுக்கு அது இருந்தது. அவள் படத்தை எடுத்து அந்தப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு மனு குடுக்கோணும் அத்தான். அடுத்த நாள் போகட்டோ?"

"நாளைக்கு அவரை வேறை இடத்துக்கு மாத்தீனமாம். உன்ரை விருப்பம்."

நான் வற்புறுத்தவில்லை. அவளாகத்தான் விடிய பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் தேர்தல் அலுவலக வாசலில் அந்தப் பெண்கள் பட்டியலோடு நின்றார்கள். பன்னிரண்டு அடித்ததும் ஒருத்தி நிலத்தில் குந்தி அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

பிரசாந்தி சிங்களம் தெரியாமல், படத்தைக் காட்டிக் காட்டி மூன்று நாள் அலைந்திருக்கிறாள். திரும்பி வந்து, "அதுக்கிடையிலை மாத்திப்போட்டினம் போலை அத்தான்," என்றாள். தேர்தலில் நான் வென்றேன். அவள் இப்போதும் மாதம் ஒருமுறை தெற்குக்குப் போகிறாள். அந்த விடுதியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி அவள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தபடியால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அப்படி ஒரு விடுதி இல்லை ஐயா. சிவகரனுக்கு ஷெல் பட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பங்கருக்குள் கிடத்தி, என் கையாலேயே மண் தள்ளி மூடினேன். அதைச் சொல்லியிருந்தால் அவள் அப்போதே அழுது முடித்துவிட்டு எழும்பியிருப்பாள். பதினாறு வருடம் ஒரு நாள்கூட அவளை விதவையாக இருக்க நான் விடவில்லை. தம்பி பெண்சாதிக்கு ஒரு மனிதன் இதைவிட வேறு என்ன செய்ய முடியும்?