பின்னாடி கண்ணாடியில ரெண்டு பேரு

இந்தா அண்ணாத்த, இன்னொரு கிளாஸ் குடி. மொத கிளாஸ ஒரே மூச்சுல உள்ள தள்ளிட்டியே. இதுலயும் சக்கர இல்ல, பயப்படாத. இஞ்சி தட்டிப் போட்டுக்கீது. காலையில நாஸ்தா துன்னியா இல்லியா? மூஞ்சப் பாத்தா துன்ன மாதிரி தெர்ல.

சரி, வேலைய ஒருவாட்டி சொல்லிக்கிறேன். அப்பால நான் சொன்னது வேற நீ செஞ்சது வேறன்னு பேஜாரு பண்ணக் கூடாது. பின்னாடி கண்ணாடியில நிதின், பூங்கொடின்னு ரெண்டு பேரு ஒட்டிக்கீது. பையன் பேரு இருக்கணும், பொண்ணு பேர உரிக்கணும். கண்ணாடியில கீறல் விழக் கூடாது. அப்பால நிதின நடுவுக்குத் தள்ளி ஒட்டணும், அவ்ளோதான? ஆமா, ஓரமா நின்னா பாக்கறவன் பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு கேப்பான். நல்லா யோசிச்சிகினுதான் வந்துக்கிற.

ஏன், திருக்கழுக்குன்றத்துல ஸ்டிக்கர் கடையே இல்லியா? இம்மாந்தூரம் நெம்மேலிக்கு வந்துக்கிற. புரியுது புரியுது. அங்க உரிச்சா ஊரே வேடிக்க பாக்கும். இங்க காசிநாதன்னு உன் பேரச் சொன்னா ஆருக்கும் தெரியாது. எடத்த சரியாத்தான் புடிச்சிக்கிற.

மிஷின் சூடாவட்டும், இரு. ஸ்டிக்கர சூடு காட்டித்தான் உரிக்கணும், அவசரப்பட்டா பிஞ்சி பிஞ்சி வரும்.

கோவிச்சிக்காத, உன் வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். ஷோக்காதான் கீது. கைப்பிடிக்கு குரோம், கண்ணாடிக்கு குரோம், டீசல் மூடிக்குக் கூட குரோம். பங்க்ல நிக்கிற பொண்ணு அதப் பாத்து பொட்டு வெச்சிக்கலாம். பானட் மேல காத்து போற ஓட்ட மாதிரி ஒண்ணு வெச்சிக்கிறியே, அதுல காத்து போவாது, தெரியுமா? வெறும் பிளாஸ்டிக்கு, டேப்பு போட்டு ஒட்டறது. நானே விக்கிறேன், எனக்குத் தெரியாதா. பின்னாடி டாப் மாடல் பேட்ஜி வேற. மேல பாத்தா சன்ரூப்பக் காணோம். உடு, என்னாண்ட வர்றதுல பாதிப் பேரு அந்த பேட்ஜிக்குத்தான் வர்றாங்க.

மகாபலிபுரத்து ரிசார்ட்காரன் ஒருத்தன் பழைய அம்பாசிடர் ஒண்ண உட்டுட்டுப் போயிக்கிறான், தோ அந்த மூலையில. வெள்ளக்காரங்கள ஏத்திகினு சுத்தறதுக்கு. பம்பருக்கு குரோமு, ஜன்னலுக்கு ஜாலர் வெச்ச கர்ட்டனு, டயருக்கு வெள்ள வளையம். வண்டி பழசாத் தெரியணுமாம், ஆனா பழசா இருக்கக் கூடாதாம். அவன் போறான், படூர் அபார்ட்மென்ட்காரன் ஒருத்தன் ஷோரூம்லேர்ந்து நேரா வர்றான். புது வண்டிக்கு அந்தக் காலத்து லைட்டு மாதிரி ரவுண்டு ரிங்கு வேணுமாம். எவனுக்கும் தன்னுது எப்டி கீதோ அப்டியே இருந்தா புடிக்கல. இந்த உப்புக் காத்துல குரோம் ஒரு மழக்காலம் தாங்காது, புள்ளி புள்ளியா பூத்துடும். மறுபடியும் என்னாண்டதான் வருவாங்க. எனக்கு நல்லதுதான்.

இன்னா? அண்ணாத்தன்னு கூப்டறது புடிக்கலியா? சார்னு சொல்லணுமா? மத்தவங்கள சார்னுதான் சொல்றேன். இன்னிக்கு வாயில அண்ணாத்ததான் வருது, கொஞ்சம் பொறுத்துக்க.

முன்னாடி கண்ணாடியில கீதே சிங்கம், அது உங்க ஆளுங்க சங்கத்து சிங்கமா? வாயில நெருப்பு வேற கக்குது. ரகசியம் ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத. என் கம்ப்யூட்டர்ல ஒரே சிங்கந்தான் கீது. உங்க ஆளுங்களுக்கு வலப்பக்கம் பாக்கற மாதிரி வெட்டறேன். உங்களுக்கு ஆவாதவங்களுக்கு அதையே திருப்பிப் போட்டு வெட்டறேன். ரோட்ல எதிரெதிர வந்தா ரெண்டும் மொறச்சிக்கும். அதுங்களுக்குத் தெரியுமா, ஒரே வயித்துல பொறந்தோம்னு.

தோ, சூடாயிடுச்சி. உரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், அப்பால வந்து சண்ட போடாத. எழுத்துதான் வரும், பேரு போவாது. வருசக்கணக்கா வெயில்ல நின்ன கண்ணாடி இது. ஸ்டிக்கர் இருந்த எடம் ஒரு மாதிரி, மத்த எடம் ஒரு மாதிரி. காஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது. மழ பேஞ்சி ஏசி போட்டு கண்ணாடியில பனி புடிச்சிச்சின்னு வெச்சிக்க, பூங்கொடி முழுசா எழுந்து நிப்பா. தின்னர் போட்டுத் தேச்சாலும் ஒண்ணும் ஆவாது. கண்ணாடியையே மாத்தணும்.

மாத்திடறியா? கண்ணாடிய மாத்திடலாம், சரி.

நீ வந்து பேர உரிக்கணும்னதும் பொண்ணு செத்துட்டாளோன்னு எனக்கு பக்குன்னு ஆயிடுச்சி. எவனையோ கட்டிகினு போயிட்டாள்னு நீ சொன்ன அப்பறந்தான் மூச்சே வந்துச்சி. பையன் எந்த ஊருன்னு கேட்டேன், தெரியாதுன்ன. பேரு கேட்டேன், அதுவும் தெரியாது. அவ சொல்ல வந்தாளாம், அந்த நாயி பேரு என் வூட்ல கேக்கக் கூடாதுன்னு நீ காதப் பொத்திகினியாம். சர்ச்சுக்குப் போற கூட்டம்னு மட்டும் தெரியுமாம். அதுக்கு மேல தெரிஞ்சிக்க இன்னா கீதுன்ற. நாயின்னு நீ சொன்னப்ப உன் எதிர்ல ஒக்கார முடியல அண்ணாத்த. அதான் டீ எடுத்தாறேன்னு சட்டுனு எழுந்து உள்ள போயிட்டேன்.

கொஞ்சம் தெரிஞ்சிகினு இருந்தா நீ இந்தக் கடைக்கு வந்திருக்க மாட்ட. வெளிய போர்டுல என் பேரு சாராள்னு கொட்ட எழுத்துல கீது, உன் தலைக்கு மேலயே சிலுவ தொங்குது. நீ எதையும் பாக்கல, உன் வண்டியவே பாத்துகினு இருந்த. கையில இன்னா கிளாஸ்னு கூடப் பாக்கல. கடை கிளாஸ் இல்ல, நாங்க குடிக்கிற எங்க வூட்டு கிளாஸ் அது.

உள்ள ரூம்ல கேமரா டிவி ஓடுது. நீ வண்டிய நிறுத்தினதுமே அவ பாத்துட்டா. அழுதா, நானும் ஏண்டின்னு கேக்கல. நான் போறதுக்குள்ள டீயப் போட்டு வெச்சிட்டா. அப்பாக்கு சுகரு, சக்கர போடல அத்தன்னு சொல்லித்தான் என் கையில குடுத்தா. நீ சுகர்காரன்னு என்னாண்ட எப்ப சொன்ன? உன் பொண்ணு பூங்கொடி போட்ட டீதான் ரெண்டும்.

பையன் பேரு ஜெபா. நான் பெத்தவன்தான். மருமவளோட அப்பன் எனக்கு அண்ணன் மொறதான, அதான் சார்னு வாயில வரல.

கதவாண்டதான் நிக்கிறா. நீ திரும்பிப் பாக்கலன்னா வர மாட்டாளாம். பிளேடு என் கையில கீது. சொல்லு அண்ணாத்த, பேர உரிக்கட்டா, இல்ல இன்னொரு கிளாஸ் போடச் சொல்லட்டா.