கொம்பு கடைசியில்தான் இறங்கும்

உங்கள் அலுவலகக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது, ஷெரீஃப் ஐயா. பரவாயில்லை, இன்னொரு கோப்பை ஊற்றுங்கள், சாவகாசமாகச் சொல்கிறேன்.

வார்ட் என் தங்கை கணவன். அவன் அடித்த தம்பட்டத்திலேயே இந்த வயோமிங் மலைகள் பாதி தேய்ந்துவிட்டன. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன வருடம் அவன் சுட்ட எல்க் மானைப் பார்த்தேன். தலையை மட்டும் அறுத்துக் கொம்போடு கொண்டுபோயிருந்தான். மிச்சம் ஊதி வெடித்துக் கிடந்தது. உலையரிசி போலப் புழு கொதித்தது. அந்த நாற்றம் கிறிஸ்துமஸ் வரை என் மீசையை விட்டுப் போகவில்லை. சுட்டதன் கறி முழுக்க மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் கொம்பு இறங்கும், அதுதான் இங்கே வேட்டை முறை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டதற்குப் பல்லைக் குத்திக்கொண்டே, "கறி கடையில கெடைக்குது மச்சான். கொம்பு கெடைக்குமா?" என்றான்.

கோடையில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டான். மலைப்பக்கம் போகாதே என்றார் மருத்துவர். கேட்கிற ஜென்மமா அது? போகத்தான் போகிறேன், அதுவும் புதுத் துப்பாக்கியோடு போகிறேன் என்றான். ஆயுள் முழுக்கத் துப்பாக்கி செய்தவன் நான். தங்கை லொரெய்ன் தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு அடங்க மாட்டாருண்ணா. நீயே பாத்து, எறகு மாதிரி லேசா ஒண்ணு அமைச்சுக் குடு."

சரி என்றேன்.

எதையும் அவன்மேல் நான் திணிக்கவில்லை. துப்பாக்கியின் எல்லாப் பாகங்களையும் மேசைமேல் பரப்பினேன். முதலில் மெல்லிய குழலைத்தான் எடுத்தான்.

"நல்லதுதான் மாப்ளே. நெஞ்சுவலிக்காரங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க," என்றேன்.

சூட்டில் கை பட்டதுபோல அதைக் கீழே வைத்தான். பக்கத்தில் தூண் கனத்தில் ஒரு குழல் இருந்தது, அதை எடுத்துக்கொண்டான். தோளில் அணைக்கிற கார்பன் இழைக் கட்டையைப் பொம்மைச் சாமான் என்று அவனேதான் சொன்னான். வால்நட் மரக்கட்டை வந்தது. தொலைநோக்கியில் நிலாவில் உட்கார்ந்த ஈ தெரியும், கனம் மட்டும் செங்கல். ஊன்றிச் சுட இரும்புக் கால்கள். விரலால் இழுக்கிற விசை ஒன்றுதான் லேசு. விசையில் நான் குறை வைப்பதில்லை. முடித்துப் பார்த்தால், கோவேறு கழுதை தூக்க வேண்டிய பீரங்கி.

லொரெய்ன் துப்பாக்கியைக் கையால் தொடமாட்டாள். லேசுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வேட்டைப் பருவம் வந்ததும் இருவரும் மலையேறினோம், செங்குத்தான வழியையும் நான்தான் சொன்னேன். தன் துப்பாக்கியை அடுத்தவனிடம் தூக்கக் கொடுப்பவன் வேட்டைக்காரனே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் வார்ட். உதடு கத்திரிப்பூ நிறமாகும்வரை அவன் கொடுக்கவில்லை. பாறைமேல் சரிந்த பிறகுதான் நீட்டினான்.

"மச்சான், இதக் கொஞ்சம் பிடி. மூச்சு முட்டுது. யாரையாவது கூப்பிடு."

வாங்கிக்கொண்டேன். உதவிக்கு அழைக்கும் கருவி என் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. அவன் பேச்சு பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிட்டேன். என் முதுகுக்கு அந்தத் துப்பாக்கியின் கனமே அதிகம்.

அது இப்போது என் வீட்டில், கணப்புக்கு மேலே மாட்டியிருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள், அழகு. மிச்சம் மேலேயே கிடக்கிறது. அதை யார் சுமப்பது? அண்டங்காக்கைகள் இருக்கின்றன, கரடிகள் இருக்கின்றன. வீணாக்குகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும், ஐயா.