ஒழுகாத பெட்டி

காசிமேட்டில் ஷேர் ஆட்டோ ஏறியபோது எனக்கு எதிரே மீன் விற்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள். புற்றுநோய்க்கு எடுத்த கீமோவில் முடி கொட்டிய தலையை மூத்தவர் துண்டால் மூடியிருந்தார்.

"யக்கா, டி.என்.ஏ.வுல பெட்டி செய்றாங்களாம். என் பொண்ணு காலேஜ்ல படிச்சுதாம்," என்றார் இளையவர்.

"அது ஒடம்புல கீறதாச்சே. அதுல எப்டி பெட்டி?"

"நூலு மாதிரி கீதாம். அத்த மடிச்சி, கண்ணுக்கே தெரியாத பெட்டியாக்கி, உள்ள மருந்து வெப்பாங்களாம். கட்டியாண்ட போனாத்தான் தொறக்குமாம்."

"வழில ஒழுகாதா?"

"ஒழுகாதாம்."

"எனக்கு ஏத்தற மருந்து நம்ம மீன் கூடை மாதிரி, போற வழியெல்லாம் ஒழுகுது. முடியும் போச்சு, வாயும் புண்ணாச்சு. நாளைக்கி ஆஸ்பத்திரிக்கு நான் வரல. அந்தப் பெட்டி வரட்டும், போட்டுக்கறேன்."

"இப்போ எலிக்குத்தான் போட்டுப் பாக்கறாங்களாம்."

"எலிக்கா? நம்ம மீன துன்னுட்டு ஓடுதே, அதுக்கா இம்மாம் மரியாதை?"

"நீ வேணா போய் எலிங்க பின்னாடி லைன்ல நில்லு."

மூத்தவர் சிரித்தார். தேரடியில் இறங்கும்போது கேட்டார்.

"நாளைக்கி எத்தினி மணிக்கு வருவ? பெட்டி வர்றப்போ வாங்கிக்க நான் இருக்கணும்ல."