பைன் வாசனை

எங்கள் வீட்டுக் காப்பி கொஞ்சம் கசக்கும், ஷெரீப். சர்க்கரை வேண்டுமானால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐஸ் வெட்டும் மேஸ்திரி டாய்லைக் காவலிலிருந்து விட்டுவிடுங்கள். உறைந்த ஆற்றில் வெட்டிய பள்ளத்தைச் சுற்றி எச்சரிக்கைக்காகப் பைன் கிளைகளை நட அவன் மறக்கவில்லை. ஹட்சன் ஆற்றில் அதை யாரும் மறப்பதில்லை. விடிவதற்குள் பள்ளத்தின்மேல் பாலேடு போல மெல்லிய ஐஸ் படிந்துவிடும். கிளை இல்லையென்றால் பள்ளம் இருப்பதே தெரியாது. அவற்றைப் பிடுங்கியவன் நான்தான்.

எமில் க்ராட்ஸ் சோப்பு விற்றுப் பணக்காரனானவன். உறைந்த ஆற்றில் பாய் விரித்து ஓட்டும் படகுப் பந்தயத்தில் என் தாத்தா காலத்திலிருந்தே கோப்பை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவன் தன் வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும், "பெரிய வீட்டுக்காரரே, கோப்பையைத் துடைச்சு வைங்க. வந்து எடுத்துக்கிறேன்" என்றான். என் மனைவி லூயிசா விழுந்து விழுந்து சிரித்தாள். என்னுடன் இருக்கையில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் காலை எமில் ஆற்றில் படகை ஓட்டி ஒத்திகை பார்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். சாயங்காலமே கிளைகளைப் பிடுங்கி வந்து கணப்பில் போட்டேன். லூயிசா மோப்பம் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"என்ன வாசனை இது? கிறிஸ்துமஸ் திரும்பி வந்துட்ட மாதிரி இருக்கே! என்னைக்கும் இல்லாம இன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு?"

வெகுநாளைக்குப் பிறகு அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெருப்பு அணையும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வாசனை இன்னும் போகவில்லை. திரைச்சீலைகளை மாற்றினேன், கணப்பைச் செங்கல் வைத்து அடைத்தேன். அவள் தலையணையிலிருந்து வருகிறது. கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.

படகு அந்தப் பள்ளத்தில் மூழ்கிய அன்று காலையில் அவள் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எமில் படகுல ஒரு சுத்து போயிட்டு வரேன். வேண்டாம்னு சொல்லு, பாக்கலாம்."

என் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் அவள் எதிர்பார்த்தாள். ஆனால் யாரிடமும் கெஞ்சுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அதற்காக என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். அவளைப் பற்றி எனக்கு எப்போதும் அக்கறை உண்டு.

"ஆத்துல குளிரும், கம்பளி எடுத்துக்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.